கப்பல் காணாமல் போன திரை

தவசிமுத்து பட்டம் வாங்கிய கதையை மகாராஜபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டத்தை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டால்தான் சிரிப்பார்கள். அவன் அப்பா பால்ச்சாமி அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தால், போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி, "எம் மகன் பௌதீகம் படிச்சிருக்கான், தெரியும்லா" என்பார். பௌதீகம்னா என்னவே என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "கரண்டு, வெளிச்சம், சத்தம், அம்புட்டும் அதுக்குள்ளதான் கெடக்கு" என்று கையை விரிப்பார். "அப்பம் உம்ம வீட்டுக்கு ஒரு கரண்டு கனெக்சன் வாங்கித் தரச் சொல்லும்" என்பான் கேட்டவன். அந்த வீட்டில் அப்போதும் சிம்னி விளக்குத்தான்.

பட்டதாரிக்கு ராஜபாளையத்தில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் வேலை. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்து வருகிற கட்டுத்துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி, பெட்டி கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். எந்த நாட்டுக்காரனுக்கோ காயம் பட்டால் நம் ஊர்த் துணியைச் சுற்றிக்கொள்வான். தவசிமுத்து அங்கே கம்ப்யூட்டர் பார்த்தான். மூன்று வருசமாகப் பார்த்தான். மூன்று வருசமும் தற்காலிகம்.

முதலாளி வைகுண்டராஜ் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் நாள் பார்த்துச் செய்கிறவர். புது ஆளை நிரந்தரம் ஆக்குவதென்றால் அந்த ஆபீசில் அதற்கு ஒரே நாள்தான், விஜயதசமி. ஆயுதபூசைக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, கழுவி, பொட்டு வைத்து, மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி தன் கையால் முதல் வேலையைத் தொடங்குவார். அந்தக் கையோடு ஆர்டரையும் கொடுப்பார். முதல் வருசம், "இன்னும் ஒரு வருசம் போகட்டும்லே." இரண்டாம் வருசம், "அடுத்த வருசம் கட்டாயம்." தொண்ணூற்றொன்பதாம் வருசம் தட்டெழுதுகிற ஜெயபாய் அக்கா ரகசியமாக வந்து சொன்னாள். "ஆர்டர் அடிச்சாச்சு தம்பி. உம் பேருதான். நானே அடிச்சேன். கையெழுத்து மட்டும் பாக்கி."

பால்ச்சாமிக்கு அது எப்படியோ எட்டிவிட்டது. வத்திராயிருப்புக்குப் போய் மகனுக்கு ஒரு வெள்ளைச் சட்டைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வருசம் ஆர்டர் அவனுக்கு வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏப்ரல் மாதம் ஊரெல்லாம் கம்ப்யூட்டர்களை ஒரே நாளில் ஒரு வைரஸ் தின்றது. இவர்கள் கம்ப்யூட்டரையும் தின்றது. கப்பல் காகிதங்கள் எல்லாம் போயின. மதுரையிலிருந்து வந்தவர்கள் புதிதாக எல்லாம் வாங்க வேண்டும் என்றார்கள். தவசிமுத்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. தகட்டை எடுத்து வந்தான். லினக்ஸ், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற இலவச மென்பொருள். "இதுக்குக் காசு கெடையாது மொதலாளி. அந்த வைரஸும் இதுல ஏறாது" என்றான். காசு கிடையாது என்ற சொல் முதலாளியின் காதில் இறங்கியது. வைரஸ் ஏறாது என்ற சொல் இறங்கியதா என்பது தெரியாது.

பத்து நாள் தூங்காமல் அதை ஏற்றினான். முதலாளிக்கு இங்கிலீஷ் எழுத்து தடவித் தடவித்தான் வரும். அதனால் திரையில் எழுத்தை நம்பாமல் படங்களாக வைத்தான். பெட்டிக் கணக்குக்கு லாரி, தறிக்காரர் கணக்குக்குத் தறி, ஏற்றுமதிக் காகிதங்களுக்குக் கப்பல். லாரியும் தறியும் அவனே கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைந்தவை. கப்பலில் புகை கூட இருந்தது. முதலாளி கப்பலை இரண்டு தட்டுத் தட்டினால் காகிதம் திறக்கும். அதைத் திறந்துகாட்டத்தான் பாதி நாள் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்.

அந்தத் திரையின் கீழ் மூலையில் ஒரு பாதத்தின் படம் உண்டு. அதைத் தட்டினால் மற்ற வேலைகளின் வரிசை விரியும். அது லினக்ஸோடு வந்தது, இவன் வைத்தது இல்லை. கணக்கர் சேஷு ஒருவருக்குத்தான் அந்தப் பாதத்தின் மேல் அத்தனை பிரியம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிக்காரர். முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகிறவர். அந்தப் புதுத் திரையை முதன்முதலில் பார்த்தபோதே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "திருவடிடா இது. மிஷினுக்கே திருவடி சம்பந்தம் இருக்கு பாரு" என்றார். அன்று முதல் மௌசைத் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை அந்த மூலையைப் பார்த்துக்கொள்வார்.

ஆயுதபூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் தவசிமுத்துவை வாழைக்கன்றுக்கும் பொரிக்கும் அனுப்பிவிட்டார்கள். போகும்போது சேஷுவிடம் சொன்னான். "சாமி, உங்க வேல முடிஞ்சதும் எல்லாத்தையும் மூடிட்டு வெளிய வந்துருங்க. ஆஃப் ஆயிரும்."

"நான் பாத்துக்கறேன், நீ போடா."

சேஷு பார்த்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்ட விதம்தான் இந்தக் கதை. ஆயுதபூசைக்கு முந்தின இரவு எந்த ஆயுதமும் ஓடக்கூடாது என்பது அந்த ஆபீசின் சட்டம். வெட்டும் மிஷினை நிறுத்தினார்கள், தையல் மிஷினின் வாரைக் கழற்றினார்கள், சுவர்க் கடிகாரத்திலிருந்துகூட ஒருவர் செல்லை எடுத்துவிட்டார். கம்ப்யூட்டருக்குள்ளும் எதுவும் ஓடக்கூடாது அல்லவா? சேஷு திறந்திருந்த ஒவ்வொன்றையும் மூடினார். கோப்புகளைக் காட்டுகிற ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் மெனுவில் 'வெளியேறு' என்று ஒன்று இருந்தது. அமுக்கினார். இதை நிறுத்தினால் திரையைப் பார்த்துக்கொள்வதும் நின்றுவிடும், நிச்சயமா என்று இங்கிலீஷில் கேட்டது. நிற்கத்தானே வேண்டும்! ஆமாம் என்றார். படங்கள் மறைந்தன. மிஷின் தூங்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். வெளியே வரும்போது, இப்போது இருக்கிற நிலையை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. நல்ல காரியம் என்று அதிலும் ஒரு டிக் போட்டார். பிறகு கம்ப்யூட்டருக்குச் சந்தனம் தெளித்து ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு பஸ் ஏறினார்.

அந்த மிஷினில் படங்களைத் திரையில் தாங்கி நிற்பது அந்தக் கோப்பு ஜன்னல்தான். அதை நிறுத்தியும் ஆயிற்று, நிறுத்திய நிலையை நினைவில் வைக்கச் சொல்லியும் ஆயிற்று. சொன்ன சொல் தவறாத மிஷின் அது.

விஜயதசமி காலையில் முதலாளி குளித்து, பட்டு வேட்டி கட்டி, நாற்காலியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். பின்னால் வெட்டுக்கூடத்துப் பெண்கள் வரைக்கும் நின்றார்கள். மேசையில் வெற்றிலைத் தட்டு. தட்டில் மடித்த காகிதம். தவசிமுத்து புதுச் சட்டையில் இருந்தான். காலரில் தையல்காரர் விட்ட நூல் ஒன்று கழுத்தை அறுத்துக்கொண்டே இருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டான். வந்தது. நீலமாக வந்தது. நீலத்தில் ஒன்றுமே இல்லை. லாரி இல்லை, தறி இல்லை, கப்பல் இல்லை. மூலையில் பாதம் மட்டும் இருந்தது.

"ஏலே தவசி," என்றார் முதலாளி. குரல் இறங்கியிருந்தது. "கப்பல எங்கலே?"

பின்னால் யாரோ ஒரு பெண் உச்சுக்கொட்டினாள்.

"திருவடி இருக்கே, பின்ன என்ன குறை" என்று சேஷு சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

தவசிமுத்து மௌசைப் பிடித்தான். பாதத்தைத் தட்டினான், கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்தான். எல்லாம் இருந்தன. திரையில் தொங்கும் படங்களை வைத்திருக்கிற ஒளிந்த கோப்பறையைப் பார்த்தான். அதிலும் இருந்தன. அப்போ தாங்குகிறவன்தான் இல்லை. ஓடுகிற வேலைகளின் வரிசையைப் பார்த்தான். ஆமாம், அவன் இல்லை. கட்டளை அடிக்கிற கறுப்புக் கட்டத்தைத் திறந்து அந்தக் கோப்பு ஜன்னலின் பெயரை, மூன்றே எழுத்து, அடித்தான். லாரி வந்தது, தறி வந்தது, புகையோடு கப்பல் வந்தது. நல்ல நேரம் இன்னும் தாண்டவில்லை.

பெண்கள் பக்கம் ஒரு மூச்சு எழுந்தது. தவசிமுத்து நிமிர்ந்தான். வாழ்க்கையிலேயே அவன் அவ்வளவு நிமிர்ந்தது அந்த ஒரு தடவைதான். பௌதீகம் படித்தவனாக்கும்.

முதலாளியின் மச்சினன் சோலைராஜ் கதவுப் பக்கம் நின்றிருந்தார். சரக்கு அடுக்குகிற கிட்டங்கி அவர் பொறுப்பு. அதற்கு முன்னால் இரண்டு கிளார்க்குகளிடம் சரக்கைப் பறிகொடுத்தவர். யாரையும் சும்மா பார்க்கமாட்டார், எடை போட்டுத்தான் பார்ப்பார்.

"எம்புட்டுச் சீக்கிரம் கெடைச்சிருச்சு" என்றார்.

"சின்ன விசயந்தான் அண்ணாச்சி."

"நான் ஒரு துண்டச் சீட்டத் தொலைச்சாக்கூட அரை நா தேடுவேன். நீ தேடவே இல்லையே. நேராப் போயி எடுத்துட்டு வந்துட்ட." முதலாளி பக்கம் திரும்பினார். "மச்சான், இவிய ஊருப் பக்கம் முன்னெல்லாம் மாடு காணாமப் போகும். துப்புக்கூலி குடுத்தா மறுநா காலையில மாடு தொழுவுல நிக்கும். யாருக்கு எடுக்கத் தெரியும்? ஒளிச்சு வச்சவனுக்குத்தான் தெரியும்."

துப்புக்கூலி என்ற சொல்லின் அர்த்தம் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. மாட்டைப் பிடித்துப் போனவனும், துப்புச் சொல்லிக் கூலி வாங்கினவனும் ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள் என்று ஊருக்கே தெரியும். தவசிமுத்துவின் அப்பா ஆயுசில் அடுத்தவர் மாட்டின் கயிற்றைத் தொட்டதில்லை. அடுத்தவர் தண்ணீரைத்தான் தொட்டார், அதுவும் அவர்கள் வயலுக்கே திருப்பிவிட.

"எதுக்கு அண்ணாச்சி நான் ஒளிக்கணும்?"

"இன்னைக்கு ஆர்டர் குடுக்காவல்லா. நீ இல்லன்னா இது ஓடாதுன்னு எல்லாரும் பாக்கட்டும்னு."

முதலாளி வெற்றிலைத் தட்டையே பார்த்தார். அப்போதுதான் சேஷு முன்னால் வந்தார்.

"அவனைச் சொல்லாதீங்கோ. நான்தான் முந்தாநாள் எல்லாத்தையும் மூடினேன். ஓடப்படாதேன்னுட்டு எதையோ நிறுத்தியிருக்கேன். என் தப்பு."

உண்மை வெளியே வந்துவிட்டது. தவசிமுத்து மூச்சு விட்டான். ஆனால் முதலாளியின் முகம் சேஷுவைப் பார்த்துக் கனிந்தது.

"சாமிக்குப் பெரிய மனசு" என்றார்.

"பெரிய மனசு இல்ல, நெஜமாவே நான்தான்..."

"சின்னப்பய தலை தப்பணும்னு பழிய அவிய மேல போட்டுக்கிறாவ" என்றார் சோலைராஜ். "கோயில்ல கும்பிடுற கை. அதுக்கு இந்தத் தில்லுமுல்லெல்லாம் தெரியுமா?"

சேஷு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சொன்ன உண்மைக்கே புண்ணியம் கிடைத்துவிட்ட மனிதரால் பிறகு என்ன பேச முடியும்? கண்ணாடியைத் துடைத்தார்.

இங்கேதான் தவசிமுத்து படித்தவன் செய்கிற தவறைச் செய்தான். நிரூபித்துக் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தான். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

"மொதலாளி, செத்த இங்க பாருங்க. சாமி என்ன செஞ்சாருன்னு நானே செஞ்சு காட்டுறேன்." மெனுவைத் திறந்து, 'வெளியேறு' அமுக்கி, கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றான். எல்லோர் கண் முன்னாலும் கப்பல் போயிற்று, லாரி போயிற்று, தறி போயிற்று. "பாத்தீயளா? இம்புட்டுத்தான். இந்தா, இப்படித் திருப்பி..." மூன்று எழுத்தை அடித்தான். வந்தன.

கண்கட்டு வித்தையில் தலை வெட்டிக் காட்டுகிறவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் வேற சொல்லணுமா மச்சான்?" என்றார் சோலைராஜ். "ஒளிக்கிறதையும் அவன் கையாலயே காட்டிட்டான்."

முதலாளி தட்டிலிருந்து காகிதத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கப்பலைத் தட்டவில்லை. அன்று முதல் வேலையைப் பேனாவால் தொடங்கினார். "நீ கொஞ்ச நாளு வீட்டுல இரு தவசி. நான் சொல்லி அனுப்புதேன். போறதுக்கு முன்ன அந்தப் பாஸ்வேர்ட மச்சினங்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போ."

கப்பல் இருக்கிற நிலையை நினைவில் வைக்கச் சொல்லி மிஷினை மூடிவிட்டு, எழுதிக் கொடுத்தான். இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார் சோலைராஜ். படித்துக் காட்டினான்.

ஊரில் பால்ச்சாமி, "நல்ல நேரம் தவறிப்போச்சாம், அடுத்த முகூர்த்தத்துல குடுப்பாவளாம்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தவசிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தான். கல்யாணப் பத்திரிகை அடித்தான், கோயில் கொடை நோட்டீஸ் அடித்தான். பட்டதாரி அடிக்கிற நோட்டீஸில் எழுத்துப்பிழை இருக்காது என்று கடைக்காரர் சொன்னதுதான் அந்தப் பட்டத்துக்கு அப்போது கிடைத்த மரியாதை. மாசக் கடைசியில் கடைக்காரர் பிழையில்லாத எழுத்துக்கென்று தனியாக எதுவும் தரவில்லை.

மார்கழியில் ஜெயபாய் அக்கா கடைக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, கப்பலு திரும்பவும் போயிருச்சு. மொதலாளி கையோட கூட்டிட்டு வரச் சொல்லுதாரு. ரெண்டாயிரம் பொறக்கும்போது மிஷினெல்லாம் நின்னுரும்னு பேப்பர்ல போட்டுட்டான்லா, பயந்து கெடக்காரு."

"எப்படிப் போச்சுக்கா?"

ஜெயபாய் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். "சோலைராஜ் அண்ணாச்சி வீட்டுக்குச் சம்பந்தகாரவ வந்திருந்தாவ. ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தாரு. நீ ஒளிச்ச கதையச் சொன்னாரு. சொன்னதோட விட்டிருக்கலாம். இப்படித்தான் ஒளிச்சான்னு நீ காட்டுன மாதிரியே அமுக்கிக் காட்டினாரு. போயிருச்சு. எடுக்கத் தெரியல. கேட்டதுக்கெல்லாம் ஆமாம்னு அமுக்கி, சத்தமில்லாம ஆஃப் பண்ணிட்டு, நான் தொடவே இல்லைங்காரு. நீ வந்ததும் போட்டுக் குடுத்துராத, என் பேரு வரும்."

பஸ்ஸில் போகும்போதே தவசிமுத்துவுக்குச் செய்ய வேண்டியது தெரிந்துவிட்டது. மூன்று எழுத்து. அதைச் செய்ய வேண்டாம் என்பதும் தெரிந்துவிட்டது.

ஆபீசில் எல்லோரும் இருந்தார்கள். சோலைராஜ் சுவரில் சாய்ந்து காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். சேஷு மட்டும் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "நான் அன்னிக்கு இன்னும் ஒரக்கச் சொல்லியிருக்கணும்டா" என்றார்.

"ஒரக்கச் சொல்லியிருந்தா இன்னும் பெரிய மனசுன்னுருப்பாவ சாமி. விடுங்க."

திரையைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். எதையும் தட்டாமல் கம்ப்யூட்டரை அணைத்தான். "ஸ்குரூ டிரைவர் வேணும்" என்றான். கொண்டு வந்தார்கள். பெட்டியின் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான். உள்ளே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். அழிரப்பர் கேட்டான். உள்ளே இருந்த பச்சைத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, விளிம்பைத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்பச் செருகினான். வாயால் ஊதினான். தூசி பறந்து முதலாளி தும்மினார்.  டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னான். வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு வந்தது. சாப்பிடவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். பிறகு மூடியைப் போடாமலே மிஷினை எழுப்பி, கறுப்புக் கட்டத்தில், உள்ளே இருக்கிற எல்லாக் கோப்பின் பெயரையும் காட்டு என்று ஒரு கட்டளை கொடுத்தான். வெள்ளை எழுத்து மழையாக ஓட ஆரம்பித்தது. ஓடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டான். அது எதற்கும் உதவாத ஓட்டம் என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"என்னப்பா, ரொம்பப் பெரிய ரிப்பேரோ?" என்றார் முதலாளி. இந்த முறை ஏலே இல்லை.

"பெரிசுதான் மொதலாளி."

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகு மூன்று எழுத்தை அடித்தான். கப்பல் வந்தது. முதலாளி திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எதுனால தம்பி இப்படி ஆச்சு?" என்றார் சோலைராஜ். காலண்டரை விட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணில் பயம் இருந்தது. விஜயதசமியன்று அந்த இடத்தில் நின்ற தவசிமுத்துவுக்கு இருந்த அதே பயம்.

அவரைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். தவசிமுத்து அந்த வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்த்தான். உண்மைதான். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த ஆபீசில் என்ன நடக்கும் என்று அவன் ஏற்கெனவே படித்து முடித்திருந்தான்.

"ரெண்டாயிரம் வருதுல்லா அண்ணாச்சி. மிஷினுக்கே உள்ளுக்குள்ள ஒரு கலக்கம்."

"அதான் நானும் சொன்னேன்" என்று சோலைராஜ் எல்லோரையும் பார்த்தார். "நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா மச்சான், இது காலத்தோட கோளாறுன்னு."

முதலாளி தவசிமுத்துவை உட்காரச் சொன்னார். வந்தவர்களுக்குக் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. "இப்பத்தான்ப்பா உங்கிட்ட ஒரு நெதானம் வந்திருக்கு. அன்னைக்கு வெடுக்குன்னு செஞ்சியா, எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வேலன்னா இப்படிக் கண்ணுக்குத் தெரியணும். இவ்வளவு நேரம் சோறு தண்ணி இல்லாம உக்காந்து பாத்தியே, அந்த நன்றி எனக்கு உண்டு." கல்லாப்பெட்டியைத் திறந்து அந்தப் பழைய காகிதத்தையே எடுத்தார். மடிப்பில் அழுக்கு ஏறியிருந்தது. தேதியை மட்டும் அடித்துத் திருத்தி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

தவசிமுத்து வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று வீசிவிட்டு வந்தான் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. சிம்னி விளக்கு எரிகிற வீட்டில் யாரும் அப்படி வீசுவதில்லை.

அன்று இரவு பால்ச்சாமி காகிதத்தை விளக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டார். படிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்று கேட்டார்.

"என்ன வேல பாத்ததுக்குலே குடுத்தாவ? வெவரமாச் சொல்லு."

"தூசி ஊதுனேம்ப்பா."

மகன் கேலி பேசுகிறான் என்று பால்ச்சாமி சத்தமாகச் சிரித்தார். தவசிமுத்து சிரிக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனான். அங்கே காலையிலேயே முடித்துவிடக்கூடிய ஒரு வேலை இருந்தது. அதைச் சாயங்காலம் முடித்தான்.